பிக் 16எஃப்877ஏ: பல வருடப் பழக்கம், தீராத பேங்க் தொல்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் பேனல் செய்யும் நண்பர், புது போர்டுக்கும் பிக் 16எஃப்877ஏ என்ற இதே மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைப் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) போடலாமா என்று கேட்டார். அவருடைய பழைய போர்டு ஒன்றை ரிப்பேர் பார்த்த சூட்டோடு எழுதுகிறேன், கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

டைமர், ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) எல்லாம் உங்களுக்கே தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும். என் சண்டை பேங்கோடுதான், அதாவது டேட்டா மெமரியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பதோடு. இதன் கட்டளை 14 பிட். அதில் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் ஒரு பைட் வைக்கும் இடம்) முகவரிக்குக் கிடைப்பது 7 பிட், அதாவது 128 இடம். டேட்டா மெமரியோ 4 பேங்க், 512 முகவரி. மிச்ச 2 பிட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஆர்பி0, ஆர்பி1 என்று உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றி வைப்பது நம் தலையெழுத்து.

நண்பரின் போர்டில் சம்ப் மோட்டார் எப்போதாவது திடீரென்று நின்றுவிடும். மெயினை அணைத்துப் போட்டால் ஓடும். ரிலேவை மாற்றினார்கள், பவர் சப்ளையை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு கோடில் இருந்தது. ரிலேவை இயக்கும் பின் இருக்கிற போர்ட்-பி ரெஜிஸ்டரின் முகவரி ஹெக்ஸில் 06. பின்கள் இன்புட்டா அவுட்புட்டா என்று சொல்லும் ட்ரிஸ்-பி 86. இரண்டுக்கும் கீழ் 7 பிட் ஒன்றே. போர்ட்-பியின் 3ஆம் பிட்டை செட் செய்தாலும் (1 ஆக்கினாலும்), ட்ரிஸ்-பியின் 3ஆம் பிட்டை செட் செய்தாலும் சிப்பில் ஏற்றும் ஹெக்ஸ் ஃபைலில் அதே 1586தான். எது என்று தீர்மானிப்பது பேங்க் பிட். ஏடிசியின் கீழ் பைட்டைப் படிக்க மெயின் புரோகிராம் பேங்க் 1-க்குப் போயிருக்கும் அந்த ஓரிரு கட்டளை நேரத்தில் இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்தி அவசரக் கோடுக்குத் தாவுவது) வந்தால் தொலைந்தது: அந்தக் கோடில் ரிலேவை ஆன் செய்யும் வரி ட்ரிஸ்-பியில் போய் விழுந்து பின்னை இன்புட் ஆக்கிவிடும். ஓடு என்ற கட்டளையே மோட்டாரை நிறுத்தியிருக்கிறது! இன்டரப்ட் கோடின் தொடக்கத்தில் ஸ்டேட்டஸை ஒழுங்காகச் சேமித்தவர்கள், பேங்க் 0-க்குத் திரும்பும் வரியை எழுதவில்லை.

பழைய எம்பிஅசெம் அசெம்ப்ளர் (எழுதிய கோடை சிப்பின் எண் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) 302 என்ற எண்ணோடு ஒரு மெசேஜ் போடும், பேங்க் பிட் சரியா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி. சரியாக எழுதினாலும் போடும். அப்புறம் யார் அதைப் படிப்பார்கள்?

ஆனால் முகவரியை வைக்கும் எஃப்எஸ்ஆர் என்ற ரெஜிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முகவரியை அதில் போட்டு இன்டெஃப்பைத் தொட்டால் அந்த இடத்தில் இருப்பது கைக்கு வரும். இன்டெஃப் என்று நிஜத்தில் ஒரு ரெஜிஸ்டரே கிடையாது. எஃப்எஸ்ஆர் 8 பிட் என்பதால், 9ஆவது முகவரி பிட்டாக ஸ்டேட்டஸில் இருக்கும் ஐஆர்பி 0-வாக இருந்தாலே போதும், பேங்க் 0, 1 இரண்டிலும் ஆர்பி0-ஐத் தொடாமல் உலாவலாம். சீரியலில் வரும் பைட்டுகளை வரிசையாக அடுக்கும்போது அவ்வளவு சுகம்.

சரி, வாங்கலாமா? புது போர்டுக்கு வேண்டாம். பிக் 16எஃப்1 என்று பெயர் தொடங்கும் வரிசையில் ஒன்றை எடுங்கள். மூவ்எல்பி என்ற ஒரே கட்டளையில் பேங்க் மாறும், இன்டரப்ட் வந்தால் ஸ்டேட்டஸ், டபிள்யூ (கணக்குப் போடும் ரெஜிஸ்டர்) எல்லாம் தானாகச் சேமிக்கப்படும், எஃப்எஸ்ஆரும் இரண்டு. கோடு எழுதுகிற பையன் சி மொழியில் எழுதுவான் என்றால் பேங்க் கவலையே வேண்டாம், கம்பைலர் பார்த்துக்கொள்ளும். என் சொந்த வேலைக்கு மட்டும் 877ஏதான். ஏன் என்று கேட்டால் சண்டைக்கு வருவேன்.