ஆஸ்டினா, ஹார்வர்டா?

டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், வருமானம் குறைந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்து மாணவி. படிப்பில் கெட்டி. எங்கே இடம் கிடைக்கும்?

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் பாதை நேரானது. 1997இல் வந்த மாநிலச் சட்டத்தின் வழியில், தன் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வந்தால் சேர்க்கை உறுதி (2026க்கு முன் 6). போட்டி சொந்தப் பள்ளிக்குள்தான். டல்லாஸின் பணக்காரப் பள்ளிகளோடு மோத வேண்டியதில்லை. இதுதான் பெரிய விஷயம். ஆனால் கேட்ட பாடம் உறுதியில்லை. கணினி அறிவியல் என்றால் தனிப் போட்டி.

ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் சுமார் 4 பேருக்கே இடம். இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையையும் 2023இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. தன் அனுபவத்தை விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையில் எழுதலாம், அவ்வளவுதான். சரி, உள்ளே போய்விட்டால்? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்குள் என்றால் தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். ஆஸ்டினில் அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கல்விக் கட்டணம் மட்டும்தான் இல்லை. அறை வாடகை தனி.

என்னைக் கேட்டால் ஆஸ்டினைக் கையில் வைத்துக்கொண்டு ஹார்வர்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். வசதியில்லாதவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் இரண்டு இடத்திலும் விலக்கு உண்டு.