வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா? அட்டை, பவுடர், சாயம், பிரஷர் டெஸ்டர்

வண்டியை எடுத்ததும் தரையில் ஒரு கறை. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க நாலு வழி இருக்கிறது.

முதலில் அட்டை. ராத்திரி எஞ்சினுக்கு அடியில் பெரிய அட்டையாக விரித்து, முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டால் போதும். காலையில் பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுத்தால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், இல்லையென்றால் பவர் ஸ்டீயரிங். பச்சை, ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, கவலை வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் வெளிறிய மஞ்சளில் வழுவழுவென்று இருந்தால் பிரேக் ஆயில். அப்புறம் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

என்ன ஒழுகுகிறது என்பதற்கு அட்டையே போதும். எங்கிருந்து என்று கேட்டால்தான் ஏமாற்றிவிடும். ஆயில் வழிந்து இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், சொட்டுவது வேறெங்கோ. என் வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்டியது. பார்த்த மெக்கானிக், "பின் ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்.

இறக்குவதற்கு முன் பவுடரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எஞ்சின் ஆறியதும் ஆல்டர்னேட்டரை பிளாஸ்டிக் பையால் மூடி, டீகிரீசர் அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சாதாரண டால்கம் பவுடரைத் தூவினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் ஒரு கறுத்த கோடு. எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் பின் மூலையில் தொடங்கி அப்படியே கீழே இறங்கியிருந்தது. பேக்கிங் மாற்றியதோடு வேலை முடிந்தது. ஈரம் தெரியும் இடங்களில் எது ஆக மேலே இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும்.

அதனால் ஆயில் ஒழுக்குக்கு என் ஓட்டு பவுடருக்கே. ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் அது நிற்காது, பறந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு சொட்டு என்கிற மாதிரி மெல்லிய ஒழுக்குக்குச் சாயம்தான் சரி. ஆயிலில் ஊற்றி, சில நாள் ஓட்டி, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் ஒழுகும் தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஆயிலுக்கு ஒரு சாயம், கூலன்டுக்கு வேறு, மாற்றி ஊற்றிவிடாதீர்கள். ஊற்றும்போது வெளியே சிந்தியதும் சேர்ந்து ஒளிரும் என்பதால் இதற்கும் கழுவித் துடைக்காமல் முடியாது. கழுவுவதைத் தவிர்க்கத்தான் பலர் சாயம் வாங்குகிறார்கள் என்பது வேடிக்கை.

கூலன்ட் என்றால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு பிரஷர் டெஸ்டரை எடுங்கள். சூடேறி அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிகிற ஹோஸ், எஞ்சின் ஆறியதும் காய்ந்த மாதிரி நடிக்கும். டெஸ்டர் என்பது கூலன்ட் மூடியைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டுகிற, அழுத்தம் காட்டும் முள் வைத்த கை பம்ப். அந்த அழுத்தத்தை ஆறிய எஞ்சினிலேயே கொடுத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் பீறிடும். மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் பம்ப் அடிக்கவும் கூடாது. பல கார்களில் அது 13 முதல் 16 பிஎஸ்ஐ. முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையா? முன்சீட்டின் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். பிசுபிசுவென்று நனைந்திருந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர். அதுவும் காய்ந்திருந்தால் அடுத்த சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல்தான், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் இருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பேக்கிங்.