பால் காய்ச்சும் நாளில் அடுப்பு லாரியில் இருந்தது

வைகாசியில் பாளையங்கோட்டையிலிருந்து சென்னை மேடவாக்கத்துக்கு வீடு மாறினோம். பையனுக்குப் பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக ஆள் தேடி இணையத்தில் ஒரே ஒரு இடத்தில் என் எண்ணைப் போட்டேன். பத்து நிமிடத்துக்குள் பதினைந்து அழைப்பு. எல்லோரும் 24,000க்கு மேல் சொல்ல, ஒருவர் மட்டும் 14,500 என்றார். நேரில் வந்து சாமான் பார்க்கவில்லை, வாட்ஸ்அப்பில் போட்டோ போதும் என்றார். பெயரும் எங்கோ கேட்ட பெரிய கம்பெனிப் பெயர் மாதிரியே இருந்தது. பின்னால் பார்த்தால் கடைசியில் ஒரு சொல் கூடுதல். இதைக் கவனிக்காதது என் தப்புதான்.

முன்பணம் 2,000. சனிக்கிழமை சாயங்காலம் ஏற்றும்போது 7,000. மீதி 5,500 இறக்கிய பிறகு. ஞாயிறு ராத்திரிக்குள் சாமான் வந்துவிடும் என்றார்கள். திங்கட்கிழமை ராகு காலம் 7.30க்கு ஆரம்பம், அதற்கு முன் பால் காய்ச்ச வேண்டும். கேஸ் சிலிண்டரை ஊரிலேயே ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கியிருந்தேன். புது இணைப்பு கிடைக்கும்வரை இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பு. அந்த அடுப்பு லாரியில்.

ஞாயிறு ராத்திரி போன் எடுக்கவில்லை. திங்கள் காலையில் கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மாவிடம் அடுப்பும் பாத்திரமும் கடன் வாங்கித்தான் பால் காய்ச்சினோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

செவ்வாய் மதியம் அவர்களே கூப்பிட்டார்கள். "மேடம், சாமான் நீங்க சொன்னதைவிட அதிகம். இன்னும் 16,000 போடுங்க. இல்லேன்னா குடோன்லதான் இருக்கும், ஒரு நாளைக்கு 1,500 வாடகை." எங்கள் சாமான் தனி லாரியில் வரவே இல்லை, வழியில் எங்கோ இறக்கி, வேறு சாமான்களோடு சேர்த்து வேறு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் காவல் நிலையத்தில் கேட்டோம். சிவில் விவகாரம் என்றார்கள். கட்டாந்தரையில் மூன்று ராத்திரி படுத்தபின், பேரம் பேசி 12,000 அனுப்பினோம். கூட்டிப் பாருங்கள்: 26,500. நேரில் வந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு 26,000 சொன்னவரை, விலை அதிகம் என்று நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

புதன் ராத்திரி பத்து மணிக்கு ஒரு குட்டி யானை வந்தது. "அக்கா, சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, இன்னொரு லோடு இருக்கு" என்று டிரைவர் அவசரப்படுத்தினார். போட்டுவிட்டேன். இந்தப் பதிவை எழுதுவதே முக்கியமாக அந்தக் கையெழுத்துக்காகத்தான். அந்தத் தாளில் "சாமான் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தது. காலையில் பிரித்தால் பீரோ கண்ணாடி சுக்குநூறு, கிரைண்டர் கல் விரிசல், பித்தளைக் குத்துவிளக்கு இரண்டில் ஒன்று இல்லை. கேட்டதற்கு அந்தத் தாளின் போட்டோவைத்தான் பதிலாக அனுப்பினார்கள். இறக்கி முடித்ததும் "பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை" என்று உங்கள் கையால் எழுதிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். டிரைவர் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்சூரன்ஸ் என்று தனியாக 3 சதவீதம் கேட்டு, வாங்கியும் கொண்டார்கள். பாலிசி எங்கே என்றால் "அது எங்க கம்பெனி இன்சூரன்ஸ் மேடம்" என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் பாலிசித் தாள் கையில் இல்லையென்றால் அது வெறும் கூடுதல் வசூல். அதேபோல், ஏற்றும்போதே எண் போட்ட சாமான் பட்டியலும், வண்டி எண் எழுதிய லாரி ரசீதும் வாங்காமல் வண்டியை நகரவிடாதீர்கள். எனக்கு 47 உருப்படி என்று வாயால்தான் சொன்னார்கள். அவர்கள் கொடுக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விஷயம். எங்கள் சாமானோடு எங்களுடையது அல்லாத அட்டைப்பெட்டி ஒன்று வந்திருக்கிறது. கம்பெனியிடம் சொன்னேன், கண்டுகொள்ளவில்லை. அதே வாரத்தில் சென்னைக்குக் குடிவந்து பெட்டியைத் தொலைத்தவர் யாராவது இதைப் படித்தால், மேலே மார்க்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பால்கனியில் பத்திரமாக இருக்கிறது, பிரிக்கவில்லை. உங்கள் சாமானில் ஒற்றைக் குத்துவிளக்கு ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.