ஓக் மரமும் சிமெண்ட் பூச்சும்: ஒரு பழைய இன் அனுபவம்

இங்கிலாந்தில் பழைய கிராமத்து இன் (சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும் விடுதி) ஒன்றில் தங்கலாமா என்று நண்பர் கேட்டார். வேலை விஷயமாக சாமர்செட் போகும்போதெல்லாம் நான் தங்கும் இடம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். கீழே கல், மேலே ஓக் மரச்சட்டம், குதிரை வண்டி நுழைய ஒரு வளைவு, பின்னால் முற்றம்.

மரவேலையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஓக்கைக் காயவிடாமல் பச்சையாகவே செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு மரத்தில் துளை, அடுத்ததில் நாக்கு, குறுக்கே ஒரு மர ஆணி. மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், இணைப்பு இறுகும். கட்டில் பக்கத்துத் தூணில் தச்சர்கள் வெட்டிய ரோமன் எண்கள் அப்படியே இருக்கின்றன. சட்டத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுக் கழற்றி, அப்புறம்தான் தூக்கி நிறுத்துவார்கள். அந்த வெட்டுகளைத் தடவிப் பார்ப்பதற்காகவே அதே அறையைக் கேட்டு வாங்குவேன்.

கோபமெல்லாம் சுவர்மேல்தான். மரங்களுக்கு நடுவே குச்சிப் பின்னல், அதில் களிமண், வைக்கோல், சாணம், மேலே சுண்ணாம்பு. மழையில் நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும் சுவர் அது. அதன்மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஓக் அசையும், சிமெண்ட் அசையாது. விரிசல் விழுகிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, வெளியேற வழியில்லை. மரம் உளுக்கிறது. அறை முழுக்க ஈர நெடி.

போன குளிர்காலத்துக்கு முன் தூண் ஒன்றின் அழுகிய அடியை வெட்டி, புது ஓக் இணைத்தார்கள். பிரமாதமான வேலை. அதை மூடியதோ மறுபடியும் சிமெண்ட்! சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகக் காயும், உறைபனியில் பூச முடியாது, செலவும் கூடும். எல்லாம் சரி. ஆனால் அழுகியதற்குக் காரணமானதையே திரும்பப் பூசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனைக்கும் அங்குள்ள ஊழியர்கள் தங்கமானவர்கள்.

இந்தக் கட்டுமானத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாமர்செட்டிலேயே நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் கிராமத்தில் உள்ள ஜார்ஜ் இன்னுக்குப் போகலாம். ஹின்டன் மடத்துக் கார்த்தூசியத் துறவிகளின் (கத்தோலிக்கத் துறவிகளில் ஒரு பிரிவினர்) சொத்தாக இருந்தது. கம்பளி வணிகர்கள் தங்கிய இடம். நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் 1668இல் சாப்பிட்டிருக்கிறார், 1685இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராகக் கலகம் செய்த மான்மத் கோமகன் அப்போது தங்கியிருக்கிறார். கல் தளத்துக்கு மேலே இரண்டு மாடிகளும் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் அழகை எதிர்ச்சாரியில் நின்று பார்க்க வேண்டும்.

நான் தங்கும் இடத்துக்கு ஒரு மாலை போய்ச் சாப்பிட்டுவிட்டு, மரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். படுக்கை வேறெங்காவது இருக்கட்டும். அந்த சிமெண்டை உரிக்கும்வரை நானும் அங்கே ரூம் போடப்போவதில்லை.