கொம்பில்லாக் கிடாவா, கொம்புள்ள கிடாவா?

சானேன் என்னும் பால் ஆட்டினத்தில் கொம்பில்லாப் பெட்டைக்கு எந்தக் கிடாவைச் சேர்ப்பது என்பதை முதலாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதிதான் தீர்மானிக்கிறது. அங்கே டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்கள் 10,000-க்கும் மேல் நீங்கியிருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டனர். அந்த மாற்றம் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே கொம்பு முளைக்காது. இருவரிடமிருந்தும் வந்தாலோ, சூலகத்தைக் காக்கும் ஃபாக்ஸ்எல்2 மரபணு கருவிலேயே அடங்கிப்போய், பெட்டைக்குரிய எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்கள் கொண்ட குட்டியின் சூலகம் விரையாக வளரத் தொடங்கும்.

அந்த மாற்றத்தின் ஒற்றைப் பிரதி கொண்ட கொம்பில்லாக் கிடாவையும் பெட்டையையும் சேர்த்தால், எட்டுக் குட்டிகளில் ஒன்று இப்படி ஆண், பெண் கூறுகள் கலந்த இடைப்பாலாகப் பிறக்க வாய்ப்புண்டு. பெட்டையென்று நம்பி வளர்த்த குட்டியின் பெண்குறி நுனியில் பட்டாணி அளவில் ஒரு புடைப்பு தெரியும். அது சினைப்படவே படாது. இரட்டைப் பிரதி பெற்ற கிடாக்களிலும் சில, விந்துப்பாதை அடைபட்டு மலடாகின்றன.

கொம்புள்ள கிடாவிடம் அந்த மாற்றம் இல்லாததால், அதைச் சேர்த்தால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பாதிக் குட்டிகளுக்குக் கொம்பு முளைக்கும். பிறந்த ஈரம் காயும்போதே உச்சியில் இரண்டு சுழிகள் அதைக் காட்டிவிடும். கொம்பு வேண்டாமெனில் முதல் இரு வாரங்களுக்குள் குருத்தைச் சுட வேண்டும். அந்த வலி சிறிதன்று. ஆயினும் வலிநீக்க மருந்தோடு கால்நடை மருத்துவரைக் கொண்டு அதைச் செய்துகொண்டு, கொம்புள்ள கிடாவையே தேர்வது நல்லதென்பது என் கருத்து.