கர்னாக் போகிறவர்கள் குதிரை வண்டியில் ஏறுவதற்கு முன்

எகிப்தில் லக்சர் போய்க் கர்னாக் கோயிலைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் நானும் மனைவியும் அங்கே நன்றாக ஏமாந்துவிட்டு வந்தோம்.

லக்சர் கோயிலில் இருந்து கர்னாக் சுமார் 3 கிலோமீட்டர்தான். நைல் ஓரமாக நடந்தே போயிருக்கலாம். வெயிலுக்குப் பயந்து, "இந்தியாவா? அமிதாப் பச்சன்!" என்று சிரித்துக்கொண்டே வந்த குதிரை வண்டிக்காரரிடம் மாட்டிக்கொண்டோம். (அந்தப் பெயரை அங்கே யாராவது சொன்னால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.) 100 பவுண்ட் என்று பேசித்தான் ஏறினோம். வண்டி கோயிலுக்குப் போகாமல் ஒரு பப்பைரஸ் (நாணலில் செய்யும் அந்தக் காலத்து எகிப்தியத் தாள்) படக் கடை வாசலில் நின்றது. டீ கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் விதவிதமாகப் படம் காட்டினார்கள், வாங்காமல் எழுந்திருக்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு படத்துக்கு 600 பவுண்ட் போனது. அன்று இரவு விடுதிப் பையன் அந்தப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அசல் என்றால் நாணல் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டுமாம், சுருட்டினாலும் ஒடியாதாம். எங்களுடையது வாழையில் செய்த போலி. வாழை இலையில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கே வாழையை விற்றுவிட்டார்கள்!

கர்னாக் வாசலில் இறங்கிக் காசை நீட்டினால், 100 என்றது ஆளுக்காம், அதுவும் பிரிட்டிஷ் பவுண்டாம். நான் குரலை உயர்த்த, எங்கிருந்தோ நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "கொடுத்துத் தொலைங்க, உள்ளே போகலாம்" என்றாள் மனைவி. 400 எகிப்திய பவுண்டில் விட்டார்.

சரி, உள்ளேயாவது நிம்மதி என்று நினைத்தேன். முதலாம் சேத்தியும் அவர் மகன் இரண்டாம் ராம்சேஸும் கட்டிய அந்தத் தூண் மண்டபத்தில் மொத்தம் 134 தூண்கள், நடுவில் இருக்கும் பன்னிரண்டும் சுமார் 21 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் வெயில் படாத இடங்களில் மூவாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து நான் வாய் பிளந்து நிற்கும்போதே நீள அங்கி போட்ட ஒருவர் கையைப் பிடித்து இழுத்து, தடுப்புக் கயிற்றைத் தூக்கி, "ஃபோட்டோ, ஃபோட்டோ" என்று உள்ளே தள்ளினார். நானும் போனேன், என் தப்புதான். வெளியே வந்ததும் பக்ஷீஷ், அதாவது இனாம், கேட்டார். கையில் சில்லறை இல்லாததால் 200 நோட்டு ஒன்று போயிற்று, அதைப் பார்த்த இன்னொருவர் எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தார். அவரிடமிருந்து தப்பிக்கும் அவசரத்தில் ஹட்ஷெப்சுட் ராணியின் தூபியையும் புனிதக் குளத்தையும் ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம். பணத்தைவிட எனக்கு அதுதான் எரிச்சல்.

வண்டியில்தான் போவேன் என்றால் "எகிப்திய பவுண்ட், இரண்டு பேருக்கும் சேர்த்து, கடை வேண்டாம்" என்று போனில் அரபியில் மொழிபெயர்த்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். சின்ன நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். யார் கயிற்றைத் தூக்கினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அந்தப் பப்பைரஸ் படம் இப்போது ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி உதிர்கிறது. சுவரில் மாட்டுங்க என்கிறாள் மனைவி, எனக்குத்தான் மனசு வரவில்லை.