ஹகுரோ மலைக் கோயில்: பேருந்தில் போகாதீர்கள், படியேறிப் போங்கள்

ஜப்பானின் யமகட்டா மாநிலத்தில் உள்ள ஹகுரோ மலையின் உயரம் 414 மீட்டர்தான். உச்சிவரை பேருந்து உண்டு. அதனால் பலர் மேலே இறங்கிக் கும்பிட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது பாதிக் கோயில்கூட இல்லை. அடிவாரத்திலிருந்து ஏறும் 2,446 கற்படிகளும், இருபுறமும் 300, 400 வருடங்களாக நிற்கும் சுகி என்ற ஊசியிலை மரங்களும் சேர்ந்ததுதான் இந்தக் கோயில்.

டோக்கியோவிலிருந்து ஷிங்கான்சென் ரயிலில் நீகட்டாவுக்கு 2 மணி நேரம். அங்கே இனாஹோ விரைவு ரயிலுக்கு மாறினால் ட்சுருவோகாவுக்கு இன்னும் 2 மணி நேரம் ஆகும். நிலையத்து வாசலில் பேருந்து ஏறி, சுமார் 40 நிமிடத்தில் கோயில் வாயிலான ‘ஸுயிஷின்மோன்’ நிறுத்தத்தில் இறங்க வேண்டும். பேருந்துகள் அடிக்கடி வராது. உச்சியிலிருந்து திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

வாயிலைத் தாண்டியதும் பாதை கீழ்நோக்கி இறங்கும். வழி தவறவில்லை, அமைப்பே அப்படித்தான். சிவப்புப் பாலத்தில் ஆற்றைக் கடந்தால், ஆயிரம் வயதைத் தாண்டிய ‘தாத்தா சுகி’ நிற்கிறது. அடுத்து ஐந்தடுக்குக் கோபுரம். 29 மீட்டர் உயரம், மேலே வண்ணமே பூசாத மரம், தேசியப் பொக்கிஷம். அப்போதைய மெய்ஜி அரசு 1868-இல் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொன்னபோது இந்த மலையின் பௌத்தக் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன, இது தப்பியது. காலையில் கூட்டம் சேரும் முன் வந்து, இங்கே நிதானமாக நில்லுங்கள்.

ஏற்றம் மூன்று பகுதி. இரண்டாவதுதான் மூச்சு வாங்க வைக்கும். பெங்கேய் என்ற வீரத் துறவியே இந்தச் செங்குத்தில் சுமந்து வந்த எண்ணெயைச் சிந்திவிட்டாராம். அதனால் ‘எண்ணெய் சிந்தும் ஏற்றம்’ என்றே அதற்குப் பெயர். அது முடியும் இடத்தில் தேநீர்க் கடை இருக்கிறது. ‘பலம் தரும் மோச்சி’ என்ற அரிசி உருண்டையைச் சாப்பிட்டுக் கால்களை ஆற்றிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் கடை மூடியிருக்கும். தண்ணீரை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. படிகளில் சுரைக்குடுக்கை, மதுக் கிண்ணம் போன்ற 33 சிறு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளைகளை அலுக்காமல் ஏற்றிவிட இதைவிட நல்ல வழி இல்லை.

மொத்தம் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி வரை பிடிக்கும். சறுக்கல்தான் இங்கே பெரிய தொல்லை. மர நிழலில் கல் எளிதில் காயாது; பாசி படரும், உதிர்ந்த ஊசியிலைகள் அதன்மேல் ஒட்டும். படிகள் குறுகல் என்பதால் பாதம் முழுசாகப் பதியாது. ஏறும்போது சமாளித்துவிடலாம், மழைக்குப் பிறகு இறங்குவதுதான் ஆபத்து. செருப்பு வேண்டாம், அடியில் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். நடந்து ஏறி, பேருந்தில் இறங்குவதே சரி. முழங்கால் வலி உள்ளவர்கள் உச்சிக்குப் பேருந்தில் போகலாம். கோபுரத்தைத் தனியாக அடிவாரத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் திரும்பும்போது முதலில் இறங்கிய படிகளை ஏறியாக வேண்டும்.

உச்சியில் உள்ள பெரிய மண்டபம் 1818-இல் திரும்பக் கட்டப்பட்டது. அதன் புல் கூரையின் தடிமன் 2.1 மீட்டர்! ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ ஆகிய மூன்று மலைத் தெய்வங்களும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. மற்ற இரண்டு மலைகளும் குளிர்காலத்தில் பனியில் மூடிவிடுவதுதான் காரணம். கை, வாய் கழுவி, காணிக்கை போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்தால் வழிபாடு முடிந்தது. வெளியே நின்று கும்பிடக் காலணி கழற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் 1275-இல் வார்த்த பெருமணியைப் பார்க்காமல் வராதீர்கள்.

உச்சியருகே ‘சைகான்’ விடுதியில் காட்டுக் கீரை, மூங்கில் குருத்து, எள் தோஃபு என்று துறவிகளின் உணவு கிடைக்கும். முன்பதிவு அவசியம். சைவர்கள் பதிவு செய்யும்போதே, குழம்புச் சாற்றில் மீன் சேர்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். ஜப்பானில் காய்கறிச் சமையலிலும் மீன் சாறு கலப்பது சகஜம்.